ஊரோபிளாட்டஸ்: தட்டைவாலா, இலைவாலா?

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் வால் நுனி வரை கூம்பிக்கொண்டே போகும். மடகாஸ்கர் காடுகளில் மட்டுமே வாழும் ஒரு பல்லிப் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள பல்லி இனங்களின் கூட்டத்துக்கு, வால் சப்பை. உருண்டையாக இருந்ததைத் தட்டி அமுக்கிவிட்டது போல. அதன் அறிவியல் பெயரும் அதையேதான் சொல்கிறது: ஊரோபிளாட்டஸ். கிரேக்க மொழியில் ஊரா என்றால் வால், பிளாட்டிஸ் என்றால் தட்டை.

இந்தப் பெயரை 1806-இல் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் துமேரில். அவருக்கு முன்பே இன்னொரு பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபீட் இதே பல்லியைப் பிரெஞ்சில் 'தட்டைத்தலை' என்று எழுதியிருந்தார். தலையும் தட்டைதான், பொய்யில்லை. ஆனால் நிலைத்தது என்னவோ வால்தான்.

இனப்பெயர்களில் எனக்குப் பிடித்தது ஃபிம்பிரியேட்டஸ். துணியோரத்துக் குஞ்சத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சுமார் 30 செ.மீ. நீளமுள்ள இந்தப் பல்லிக்குத் தாடையிலிருந்து விலா வரை பிய்ந்த முந்தானை ஓரம் போலத் தோல் தொங்கும். பகலில் அடிமரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு அந்தத் தோலைப் பட்டைமேல் பரப்பிவிடும். உடலோரத்தில் நிழலே விழாது. பட்டை எது, பல்லி எது என்று பிரிக்க முடியாது.

சரி, தமிழில்? ஆங்கிலப் பொதுப்பெயரை மொழிபெயர்த்தால் 'இலைவால் பல்லி' என்று வரும். கேட்க அழகுதான், இந்தப் பேரினத்திலேயே ஃபான்டாஸ்டிகஸ் என்னும் குட்டி இனத்தின் வால், பூச்சி அரித்த சருகேதான். ஆனாலும் ஆஸ்திரேலியாவில் பில்லூரஸ் என்றொரு பல்லிப் பேரினம் இருக்கிறது. பில்லோன் இலை, ஊரா வால். இலைவால் என்ற பெயருக்கு உரிமை அதற்குத்தான். 'சப்பைவால்' பேச்சில் எளிதாக வரும், ஆனால் சப்பை என்றாலே ஒன்றுக்கும் உதவாதது என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே என் பரிந்துரை 'தட்டைவால் பல்லி'. துடுப்புவால் கரிச்சான் என்று பறவைக்குச் சொல்கிறோமே, அதே அச்சு. ஃபிம்பிரியேட்டஸைக் 'குஞ்சத் தட்டைவால் பல்லி' எனலாம்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஆசியாவில் ஹெமிடாக்டைலஸ் பிளாட்டியூரஸ் என்றொரு வீட்டுப்பல்லி இருக்கிறது. அதே இரண்டு கிரேக்கச் சொற்கள்தான், முன்பின் மாறி நிற்கின்றன. அதைத் 'தட்டைவால் வீட்டுப்பல்லி' என்று நீட்டிச் சொல்லிவிட்டால் மடகாஸ்கர்க்காரனோடு குழம்பாது.