கருவிழியை மாற்றினால் உடனே பார்வை வந்துவிடுமா?

போன தை மாதம் ராயக்கோட்டையிலிருந்து சித்தப்பாவைப் பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கதிரடிக்கும்போது நெல் உமி தெறித்து இடது கண்ணில் பட்டிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள், அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்ததாம். அதற்குப் பிறகு வலி தாங்க முடியாமல் போய், இங்கே வந்து சேர்ந்தபோது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், "கண்ணை மாத்திட்டா தெரியும்தானே டாக்டர்?" என்றுதான் சித்தப்பா முதலில் கேட்டார்.

மாற்றுவது முழுக் கண்ணை இல்லை, முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும்தான். பெயர்தான் கருவிழி, உண்மையில் அது நிறமே இல்லாத கண்ணாடி மாதிரியான படலம். அதன் பின்னால் இருக்கும் கருமைதான் நமக்குத் தெரிகிறது. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாயே கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன, கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது அவற்றின் வேலை. அவை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

ரத்தக் குழாய் இல்லாததால் ஒரு சங்கடமும் உண்டு. கிருமி உள்ளே புகுந்தால் எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் வந்து சேரத் தாமதமாகும். உமியோ கரும்புத் தோகையோ மேல்தோலைக் கீறிவிட்டால் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அந்த வழியாக உள்ளே போய் வேர் விடுவதுபோல் பரவும். அவை சுரக்கும் நொதிகளும், அவற்றோடு சண்டை போடும் நம் அணுக்கள் சுரக்கும் நொதிகளும் சேர்ந்து கருவிழியையே கரைக்கத் தொடங்கும். சித்தப்பா போட்ட சொட்டு மருந்தில் இருந்தது ஸ்டீராய்டு. அது உடம்பின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பு குறைந்தது, பூஞ்சைக்கோ தட்டிக் கேட்க ஆளே இல்லாமல் போனது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. (கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுபவர்களுக்கு அகாந்தமீபா என்ற வேறொரு கிருமி வரும், அதைக் குணப்படுத்த மாதக் கணக்கில் ஆகும். இந்த ஊரில் லென்ஸ் போடும் தம்பி தங்கைகள் கவனியுங்கள்.)

புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் நேட்டமைசின் என்ற பூஞ்சை மருந்தை ஆரம்பித்தார்கள், மணிக்கு ஒரு சொட்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முக்கியப் பங்கு வகித்து 2013-இல் வெளியான ஆய்வில், பூஞ்சைப் புண்ணுக்கு வோரிகோனசோல் என்ற புதிய மருந்தைவிட இந்தப் பழைய மருந்தே நன்றாக வேலை செய்தது. ஆனால் இது ஆழமாக ஊடுருவாது. புண் உள்ளே இறங்கிவிட்டால், அல்லது கருவிழி கரைந்து ஓட்டை விழுந்துவிட்டால் (சின்ன ஓட்டை என்றால் பசை வைத்தே அடைப்பார்கள்), அறுவை சிகிச்சைதான் வழி.

வட்டமான ஒரு கத்தியால் புண்ணையும், அதைச் சுற்றி நல்ல பகுதியில் சுமார் ஒரு மில்லிமீட்டரையும் சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். கொஞ்சம் விட்டுவைத்தாலும் பூஞ்சை திரும்பி வரும். உள்ளே தேங்கிய சீழைக் கழுவிவிட்டு, தானமாக வந்த கருவிழியிலிருந்து அரை மில்லிமீட்டர் பெரிதாக ஒரு வட்டம் வெட்டிப் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் பெரும்பாலும் 16 தையல் போடுவார்கள். வெட்டியெடுத்த துண்டு பரிசோதனைக்குப் போகும்.

பெரிய சிக்கல் இதற்குப் பிறகுதான். புதுக் கருவிழியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க ஸ்டீராய்டு வேண்டும், பூஞ்சை மிச்சம் இருந்தால் அதே ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். அதனால் ஆரம்பத்தில் அதை நிறுத்தி வைத்துப் பூஞ்சை மருந்தையே தொடர்கிறார்கள். வீங்கிச் சிவந்த கண்ணில் தைத்த கருவிழி மங்கிப்போக வாய்ப்பு அதிகம், அது டாக்டர்களுக்கும் தெரியும். இந்த அறுவையில் அவர்கள் முதலில் பார்ப்பது கிருமி ஒழிந்ததா, கண் உருண்டை தப்பியதா என்பதைத்தான். பார்வைக்காக, மாதங்கள் கழித்துக் கண் அமைதியான பிறகு, இன்னொரு கருவிழி வைப்பார்கள்.

அப்படியென்றால் ஒருவருக்கே இரண்டு தானம் வேண்டும். இறந்து சுமார் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை, சர்க்கரை நோயாளியும் கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். 2021 அக்டோபரில் நடிகர் புனித் ராஜ்குமார் மறைந்தபோது, பெங்களூரு நாராயண நேத்ராலயாவில் அவருடைய இரண்டு கருவிழிகளையும் முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்து நான்கு பேருக்கு வைத்தார்கள். சித்தப்பா மாதிரி முழு ஆழத்துக்கும் புண் வந்தவர்களுக்கு அப்படிப் பங்கு போட முடியாது, முழுத் தடிமனும் வேண்டும்.

அவருக்கு வைத்த கருவிழியும் மங்கிவிட்டது. ஆனால் கிருமி இல்லை, வலி இல்லை. கண்ணுக்கு முன்னால் கை ஆட்டினால் தெரிகிறது என்கிறார். இரண்டாவது கருவிழிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ராயக்கோட்டையில் போன் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்.