கண்ணாடி போட்டாச்சே, இனி என்ன ஆகும்?

போன வாரம் சேலையூரிலிருந்து ஓர் அம்மா, என் பிரேம் கடைக்கு ஒரு பாக்ஸ் பிரேமை, அதாவது பெட்டி மாதிரி ஆழமான பிரேமை, பழைய வேட்டியில் சுற்றி எடுத்துவந்தார். உள்ளே ஒரு நேட் (Gnat) போர் விமான மாடல், 1:72 அளவு, அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்த அவர் அப்பா, ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து, பாகம் பாகமாக ஒட்டிய கிட். அப்பா இப்போது இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கடையில் பிரேம் போட்டிருக்கிறார்கள். “உள்ள ஏதோ உருண்டுகிட்டே இருக்கு சார், ஒட்டிக் குடுத்துடுங்க” என்றார்.

பின்பலகையைக் கழற்றினேன். உருண்டது ஒரு சக்கரம். மூன்று சக்கரங்களையும் பலகையில் ஒட்டி, மொத்த பாரத்தையும் தீக்குச்சி கனம்கூட இல்லாத கால்களில் தொங்கவிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்துவிடலாம். விமானத்தை வெளியே எடுத்தபோதுதான் வயிறு எரிந்தது. பின்னால் இருந்த கருநீல வெல்வெட் காகிதம் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. விமானம் மறைத்த இடத்தில் மட்டும், ஓரம் கொஞ்சம் கலங்கலாக, இறக்கையும் வாலுமாய் இன்னொரு நேட் கருநீலத்தில் நின்றது. இறக்கையிலும் அதே கதைதான். மேல்பக்கத்து விமானப்படை வட்டச் சின்னத்தில் காவி வளையம் காய்ந்த சந்தனம் மாதிரி ஆகிவிட்டது. கீழ்ப்பக்க வட்டத்தில் காவி காவியாகவே இருக்கிறது.

“எங்கம்மா மாட்டியிருந்தீங்க?”

“ஹால்லதான். பால்கனிக்கு நேரா.”

“பால்கனி எந்தப் பக்கம்?”

“மேற்கு. அதான் கண்ணாடி போட்டிருக்கே சார்.”

இந்த வருஷம் இதே பதிலைக் கேட்பது எனக்கு நாலாவது தடவை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேமில் போடும் சாதாரணக் கண்ணாடி தூசியைத் தடுக்கும், குழந்தையின் விரலைத் தடுக்கும், பல்லியைத் தடுக்கும். வெயிலைத் தடுக்காது. புற ஊதாக் கதிர்களில் நம் தோலைச் சுட்டெரிக்கும் வகை பெரும்பாலும் கண்ணாடியோடு நின்றுவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தோல் எரிவதில்லையே, அதனால்தான் நமக்கு இந்த நம்பிக்கை. ஆனால் நீள அலை வகைக் கதிர்களில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். அவை சாயத்தைத் தின்னும். புற ஊதாவை வடிகட்டும் கண்ணாடியோ, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடோ போட்டாலும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மிச்ச வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. விலை கூடின கண்ணாடி வாங்கியவர்கள் நேர்வெயிலில் தைரியமாக மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வீண் செலவு.

நம்பாதவர்கள் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஷோகேஸ் பொம்மைக்கு உடுத்திய பட்டுப்புடவையை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்? அங்கேயும் முன்னால் கண்ணாடிதானே இருக்கிறது? மியூசியங்களில் துணி, காகித ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்று வைத்திருக்கிறார்கள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சிவெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். சாயங்கால வெயில் அதில் எத்தனையோ மடங்கு குறைவு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வெளுத்த சாயம் திரும்பாது. நிழலில் வைத்தால் தேறிவிடுமா என்று கேட்கிறார்கள். தேறாது.

மாடல் கட்டும் பிள்ளைகள் சிலர் இங்கே வாதத்துக்கு வருவார்கள்: மஞ்சளடித்த பழைய டெக்கால் தாளை (மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) ஜன்னலில் ஒட்டி வெயில் காட்டினால் வெள்ளையாகிறதே என்று. ஆமாம், ஆகிறது. மஞ்சளை வெளுக்கும் அதே வெயில்தான் உங்கள் காவியையும் வெளுக்கிறது!

அப்புறம் அந்த காக்பிட் மூடி, விமானி உட்காரும் இடத்தின் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி. சேலையூர் நேட்டில் அது பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அந்த அம்மா தூசி என்று நினைத்திருந்தார். சூப்பர் குளூ போட்ட கையோடு பெட்டியை மூடினால் அதன் ஆவி உள்ளேயே சுற்றி மூடியில் படியும். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் மோசம். கண்ணாடி மாதிரியான பாகங்களுக்கு வெள்ளைப் பசையே போதும். எந்தப் பசை போட்டாலும் இரண்டு மூன்று நாள் திறந்து வைத்துவிட்டு மூடச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கோன் பசை வேண்டவே வேண்டாம். அந்த வாடை அசிட்டிக் அமிலம், மாடலில் ஈயம் கலந்த உலோகப் பாகம் ஏதாவது இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். சரியாகக் காயாத பச்சை மரப்பலகையும் அதே வேலையைச் செய்யும்.

விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்தாதீர்கள். வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி, பலகைக்குப் பின்னால் மடக்கிவிடுங்கள். இரட்டைப் பக்க டேப் சித்திரை வெயிலில் இளகிவிடும். ஒருவர் பெட்டிக்குள் எல்.இ.டி. பட்டையை டேப்பில் ஒட்டியிருந்தார். அதுவே கழன்று விழுந்து வாலை முறித்தது. விளக்கு வேண்டுமா, வெளியே வையுங்கள்.

பெட்டிக்கு வேண்டிய ஆழத்தை அளந்துவிட்டு வாருங்கள். நேட்டுக்கு வால் உயரம் சுமார் மூன்றரை செ.மீ., அதோடு இரண்டு செ.மீ. இடைவெளி விட்டால் போதும். டகோட்டா என்ற பெரிய சரக்கு விமானத்தை 1:72-ல் கட்டிவிட்டு “சின்னதா ஒரு பாக்ஸ்” என்று போனில் கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அதன் இறக்கை மட்டும் 40 செ.மீ. சின்ன பாக்ஸ் வேண்டுமென்றால் 1:144-ல் கட்டுங்கள்.

சுவர் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது. எந்தச் சுவரானாலும் பிரேமின் நாலு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள், பின்னால் காற்று போகட்டும். இல்லாவிட்டால் முதலில் பூஞ்சை வரும், பிறகு கரையான் வரும். கொக்கி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடியில் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். அக்ரிலிக் போட்டிருந்தால் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது, வெறும் ஈரத்துணி போதும்.

அப்பா, தாத்தா கையால் செய்ததென்றால் ஒரு வேண்டுகோள். அந்தக் காவியின் மேல் புது பெயிண்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். சேலையூர் அம்மாவும் கேட்டார், நான் மாட்டேன் என்றுவிட்டேன். கம்பி செருகி, புதுப் பின்பலகை போட்டு, நேற்று கொடுத்தேன். பழைய நீலக் காகிதத்தையும் கேட்டு வாங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

“இனிமே எங்க மாட்டப் போறீங்க?” என்று கேட்டேன்.

“அங்கதான் சார். ஆணி அங்கதானே இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை நானே டிரில் எடுத்துக்கொண்டு சேலையூர் போகிறேன்.