“சமத்தாத் தூங்குறான் டாக்டர்”

பிறந்து எட்டு நாளான ஆண் குழந்தை. மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். “நேத்து வரைக்கும் ஊரையே கூட்டுவான் டாக்டர், இன்னைக்குக் காலையில இருந்து சமத்தாத் தூங்குறான்” என்றார் பாட்டி, சந்தோஷமாகவே. அம்மா எதுவும் பேசவில்லை. அவருடைய நைட்டியின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. கடைசியாக எப்போது குடித்தான் என்று கேட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு, அதுவும் ரெண்டு இழுப்பு. அப்போது மணி பதினொன்று.

துணியைப் பிரித்து, புறங்கையை வயிற்றில் வைத்தேன். இளஞ்சூடு. பாதத்தில் வைத்தேன். மே மாத வெயிலில் அது சில்லென்று இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் எந்தக் குழந்தையும் வீல் என்று கத்தும். இவன் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்: 68. நெஞ்செலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் மூன்று நொடிக்குள் சிவந்துவிட வேண்டும். நாலு நொடி தாண்டியது. தொப்புளில் மஞ்சளும் எண்ணெயும் அப்பியிருந்தது, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். தெர்மாமீட்டர் 35.4 டிகிரி செல்சியஸ் காட்டியது.

காய்ச்சல் இல்லை. அதனால்தான் யாரும் பயப்படவில்லை. ஆனால் எனக்கு வந்த சந்தேகம், ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்பது. இந்த நிலையைத்தான் செப்சிஸ் என்கிறோம். பெரியவர்களுக்குக் கிருமி என்றால் உடம்பு கொதிக்கும். பச்சிளங்குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, பல சமயம் உடம்பு குளிர்ந்துதான் போகும். அதற்கு நடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. ஆகவே 37.5-க்கு மேல் போனால் எவ்வளவு கவலையோ, 36.5-க்குக் கீழே இறங்கினாலும் அதே கவலைதான்.

பச்சைக்குழந்தை நாள் முழுக்கத் தூங்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். சரிதான். தூக்கத்தில் தப்பில்லை, பாலுக்கு எழுகிறதா என்பதே கேள்வி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டைச் சப்பிக்கொண்டு எழுந்த குழந்தை, எழுப்பினாலும் மார்பைப் பிடிக்காமல் போனால் அது சமத்து இல்லை.

எந்தக் குழந்தையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்? முதல் 72 மணி நேரத்தில் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தோடு சேர்ந்தது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் பிரசவம் இழுத்தது, அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தது, பனிநீர் நாறியது, உள்பரிசோதனை பலமுறை நடந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும். 37 வாரத்துக்கு முன் பிறந்தவை, எடை குறைந்தவை, அதிலும் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ் இருப்பவை, தனி ஜாதி. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். சீக்கிரம் பிறந்தவை அதை வாங்காமலே வந்துவிடுகின்றன. 72 மணி நேரத்துக்கு அப்புறம் வருவது கைகளிலிருந்து வருவது: எங்கள் கை, உங்கள் கை, பார்க்க வந்த அத்தையின் கை, நரம்பில் போட்ட ஊசி, தொப்புளில் வைத்த பொருள்.

மேல்நாட்டுப் பாடநூல்களில் ‘குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற கிருமிதான் கதாநாயகன். நம் வார்டுகளில் கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் ஆடுகின்றன. டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இதையே சொன்னது; தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்திலேயே வந்தவை, கிருமிகளில் பலவும் சாதாரண மருந்துக்கு மசியாதவை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தோடு வருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பரிசோதனை பற்றி ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, பால் குடிக்கவில்லை என்று வந்த குழந்தைக்கு சி.ஆர்.பி. பார்த்தேன்; தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம் அது. நார்மல். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். விடிவதற்குள் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தது. பிழைத்தது, ஆனால் மூன்று வாரம் ஆயிற்று. தொற்று தொடங்கி சி.ஆர்.பி. ஏறுவதற்கே ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்பது பரீட்சையில் நான் எழுதிய பதில்தான். அம்மா “நேத்து மாதிரி இல்ல சார்” என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறுதியான விடை ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பதில்தான் கிடைக்கும். அதற்கு 1 மில்லியாவது ரத்தம் வேண்டும்; “இத்தனூண்டு புள்ளைகிட்டயா?” என்று அப்பாக்கள் பதறுவார்கள். குறைவாக எடுத்தால் கிருமி தப்பிவிடும். முடிவு வர இரண்டு நாள் ஆகலாம் என்பதால் மருந்தை முதலிலேயே தொடங்கிவிடுவோம். கல்ச்சரில் எதுவும் வளராமல், குழந்தையும் தேறியிருந்தால் நிறுத்திவிடுவோம்.

பரிசோதனைக்கூடமே இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் காட்டினார்கள். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்க் குழந்தையைப் பார்க்கவும், அறிகுறி தெரிந்தால் ஊசி போடவும் வைத்தார்கள். 1999-இல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு ஒப்பிட்டுப் பார்த்த ஊர்களைவிட 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பெண்கள் பார்த்ததும் இவற்றைத்தான்: குடிக்கிறதா, அழுகை பலவீனமா, கை கால் துவண்டதா, உடம்பு சில்லிட்டதா, மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேலா, தொப்புளில் சீழா.

பாட்டிகளைத் திட்ட இதை எழுதவில்லை. நாலு பிள்ளை வளர்த்த கண் எங்கள் மானிட்டரைவிடச் சுருக்காகப் பார்க்கும். “என்னமோ சரியில்ல” என்று ஒரு பாட்டி சொன்னால், ரிப்போர்ட் எதுவானாலும் நான் அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். தொப்புளில் எதையும் வைக்காதீர்கள், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் புகட்டாதீர்கள், தொக்கம் எடுக்கவும் சூடு போடவும் கொண்டு போகாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். போன வருடம் ஒரு குழந்தை தொக்கம் எடுக்கும் இடத்தில் அரை நாளைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்தது.

எட்டு நாள் குழந்தைக்கு கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளர்ந்தது. இரண்டு வாரம் ஊசி போட்டு வீட்டுக்குப் போனான்.

இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையைத் துண்டில் சுற்றித் தனியாகப் பிடிக்காமல், தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்திக் கொண்டு வாருங்கள். பிரசவ டிஸ்சார்ஜ் அட்டையையும் மறக்காமல் எடுங்கள். பனிக்குடம் உடைந்த நேரம் அதில்தான் இருக்கும். வாசலில் யார் எதிர்ப்பட்டாலும் முதலில் சொல்ல வேண்டியது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகக் குடித்தது என்பதை.