புது ப்ராஜெக்டுக்கு ஃப்ரேம்வொர்க் எடுக்கும் முன், மூன்று வருடம் கழித்து அதை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்

ஃப்ரேம்வொர்க் என்பது சாஃப்ட்வேரைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு. அதைத் தேவைக்கு மீறித் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்வதைத்தான் போன மாதமும் பார்த்தேன். மூன்று கிளைகள் உள்ள வாகன உதிரிபாக மொத்த வியாபாரம், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் ஐம்பது பேருக்குள். அவர்கள் கேட்டது இருப்புக் கணக்கு, ஆர்டர், ஜிஎஸ்டி பில், மாதக் கடைசியில் ஒரு எக்செல். கட்டிக் கொடுத்திருப்பதோ பயனர் பார்க்கும் முன்பக்கத்துக்கு நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க், பின்னால் சர்வரில் எக்ஸ்பிரஸ் என்ற கருவியில் ஆறு தனித்தனி சர்வீஸ்கள், கீழே மோங்கோடிபி டேட்டாபேஸ். கட்டியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பில் போட்டால் ஒரு திரையில் இருப்பு குறைகிறது, இன்னொன்றில் குறைவதில்லை, ஏனென்றால் இரண்டு சர்வீஸ்கள் தனித்தனியாக எண்ணிக்கை வைத்திருக்கின்றன. பாஸ்வேர்ட் மறந்தால் மாற்றிக்கொள்ள வழியே எழுதவில்லை. ரொம்ப நாளாக எந்த அப்டேட்டும் போடவில்லை, தொட்டால் எது உடையும் என்று சொல்ல ஆளில்லை. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று பழைய டாகுமெண்ட்டைத் திறந்தால், நாளைக்கு லட்சம் பேர் வந்தாலும் தாங்கும் என்று எழுதியிருக்கிறது.

இந்த லட்சம் பேரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும், இந்தத் தொழிலில் அதிகப் பணத்தை வீணாக்கும் நம்பிக்கை இதுதான். தயவுசெய்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர், ஒவ்வொருவரும் பத்து விநாடிக்கு ஒரு தடவை எதையாவது அழுத்துகிறார்கள் என்றால் விநாடிக்கு ஐந்து ரிக்வெஸ்ட். அவ்வளவுதான். சரி, பொதுமக்கள் வரும் தளம், ஒரு நாளைக்கு லட்சம் பக்கங்கள் திறக்கிறார்கள் என்றே வையுங்கள். ஒரு நாளில் 86,400 விநாடிகள், ஆக விநாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். எல்லோரும் பகல் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே வந்தாலும் மூன்றரை, கூட்டம் அதிகமான நேரத்தில் அது பத்து மடங்கானாலும் விநாடிக்கு முப்பத்தைந்து. சர்வர் பக்க ஃப்ரேம்வொர்க்குகளான ஜாங்கோவிலோ லாராவெல்லிலோ ஒழுங்காக எழுதியது இதை ஒரு சாதாரண சர்வரில் தாங்கும். இதற்கு ஆறு சர்வீஸ்கள் எதற்கு?

ஃப்ரேம்வொர்க்குகளின் வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் அட்டவணையைக் காட்டி இது அதைவிடப் பத்து மடங்கு வேகம் என்பார்கள். அந்தச் சோதனைகள் பலவற்றில் அளப்பது ஜேசன் என்ற தகவல் வடிவில் ஒரு குட்டிப் பதிலை விநாடிக்கு எத்தனை தடவை அனுப்ப முடிகிறது என்பதை. உங்கள் பக்கம் மெதுவாக இருப்பது அதனால் இல்லை. ஆர்டர் பட்டியலில் இருநூறு வரிகள், ஒவ்வொரு வரிக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க டேட்டாபேஸிடம் தனியாக ஒரு கேள்வி (குவெரி), ஆக 201 குவெரிகள். ஒன்றுக்கு இரண்டு மில்லிசெகண்ட் என்றாலும் நானூறு மில்லிசெகண்ட் அங்கேயே போய்விடுகிறது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், லாராவெல்லில் வித் என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும் விஷயம் இது. அதற்கப்புறம் பாருங்கள், டேட்டாபேஸில் தேடும் நெடுவரிசைக்கு (column) இண்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணை இருக்காது, மொபைலில் எடுத்த நான்கு எம்பி படத்தை அப்படியே பக்கத்தில் வைத்திருப்பார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் ஃப்ரேம்வொர்க்கை மாற்றினால் புது ஃப்ரேம்வொர்க்கிலும் அதே மெதுவான பக்கம்தான் வரும்.

பெரிய கம்பெனிகளே இதைத்தான் எடுக்கின்றன என்று காட்டுவதானால் முழுதாகக் காட்டுங்கள். இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் வளர்ந்தது, கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் ரெயில்ஸில், விக்கிப்பீடியா பிஎச்பி மொழியில். ஜாங்கோ 2005இலும் ரெயில்ஸ் 2004இலும் வெளிவந்தவை. முன்பக்கத் திரைகளைக் கட்டும் ரியாக்டை ஃபேஸ்புக் உருவாக்கியது அவர்களிடம் இருந்த சிக்கலுக்கு, அதைப் பராமரிக்கத் தனி அணியே அவர்களிடம் உண்டு. உங்களிடம் யார் இருக்கிறார்கள்?

தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கட்டுவது சில மாதம், அதற்கப்புறம் பல வருடம் அது ஓட வேண்டும், அந்த வருடங்களில் ஃப்ரேம்வொர்க் உங்களுக்காக நிற்காது. ஆங்குலர்ஜேஎஸ் என்ற முன்பக்க ஃப்ரேம்வொர்க் 2010இல் வந்தது. 2016இல் ஆங்குலர் 2 என்று முழுக்கத் திருப்பி எழுதினார்கள், பழைய கோடு (நிரல்) அப்படியே அங்கே ஓடாது. 2021 டிசம்பர் 31உடன் பழையதற்கு ஆதரவும் நின்றது. இன்னொரு முன்பக்க ஃப்ரேம்வொர்க்கான வியூவின் 2ஆம் பதிப்புக்கு ஆதரவு நின்றது 2023 டிசம்பர் 31. ரியாக்ட் கற்ற பாதிப் பேர் முதலில் தட்டிய கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியை, புது ப்ராஜெக்டுக்கு வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை, மென்பொருள் அப்படித்தான் நகரும். ஆனால் கூடவே நகர உங்கள் பக்கம் ஒரு ஆள் வேண்டும்.

நகராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் போதும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் ஓட்டை, 2017 மார்ச்சிலேயே அதை அடைக்கும் திருத்தம் (பேட்ச்) வந்துவிட்டது, அங்கே ஒரு சிஸ்டத்தில் அதைப் போடாமல் விட்டார்கள், மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14.7 கோடி பேருடைய விவரங்களை எடுத்துப் போனார்கள். பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2025 டிசம்பரில் ரியாக்ட் சர்வர் கம்போனன்ட்ஸில் வெளியான ஓட்டைக்குத் தீவிர மதிப்பு பத்துக்குப் பத்து, லாகின் கூட இல்லாமல் வெளியாள் உங்கள் சர்வரில் கோடு ஓட்டலாம், ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ் தளங்களும் அதில் மாட்டின. பேட்ச் உடனே வந்தது. அன்றைக்கு உங்கள் இடத்தில் அதைப் போட யார் இருந்தார்கள்?

இன்னொன்று. எக்ஸ்பிரஸ் நல்ல கருவி, ஆனால் அது கைக்குக் கொடுப்பது மிகக் குறைவு. லாகின், பாஸ்வேர்ட் மீட்பு, ஃபார்ம் சரிபார்ப்பு, டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன், யாருக்கு எந்தத் திரை என்ற அனுமதி எல்லாவற்றையும் தனித்தனி பேக்கேஜாக நீங்களே கோக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வேறு ஆசிரியர், வேறு வேகம். ஜாங்கோவை நிறுவினால் இதில் பெரும்பகுதி கூடவே வருகிறது, ஒரு அட்மின் திரையும் சேர்த்து. உள் அலுவலகச் சாஃப்ட்வேருக்கு அந்த அட்மின் திரையே பாதி வேலையை முடித்துவிடும்.

முன்பக்கத்தைத் தனி அப்ளிகேஷனாகப் பிரிப்பதும் பழக்கத்தால் செய்கிற வேலையாகிவிட்டது. வரைபடம், சாட், நெட் இல்லாத இடத்தில் தகவல் பதிவது, இழுத்து வைத்து வடிவமைக்கும் திரை இவற்றுக்கு ரியாக்டோ வியூவோ தாராளமாக எடுங்கள். பட்டியல், ஃபார்ம், அறிக்கை மட்டும் என்றால் சர்வரே ஹெச்டிஎம்எல் அனுப்பட்டும். குறைந்த விலை போனில், சிக்னல் குறைந்த கடையில், ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி முடியும் வரை வெள்ளைத் திரையைப் பார்த்து நிற்கிறவர் உங்கள் பயனர்தான்.

ஏஐ எழுதித் தருகிறது, எந்த ஃப்ரேம்வொர்க்காக இருந்தால் என்ன என்று இப்போது கேட்கிறார்கள். எழுதித் தரட்டும். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் பழைய பேஜஸ் ரவுட்டர் முறையையும் புது ஆப் ரவுட்டர் முறையையும் ஒரே ஃபைலில் கலந்து தரும்போது கண்டுபிடிக்கிற அளவுக்காவது அதைத் தெரிந்த ஒருவர் உங்கள் அணியில் இருக்க வேண்டும்.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றைச் செய்யுங்கள். அந்த ஃப்ரேம்வொர்க்கின் ஆதரவுக் கால அட்டவணையைப் படியுங்கள். ஜாங்கோவின் நீண்டகால ஆதரவுப் (எல்டிஎஸ்) பதிப்புக்குச் சுமார் மூன்று வருடம், 5.2 என்றால் 2028 ஏப்ரல் வரை. லாராவெல்லில் ஒரு பதிப்புக்குப் பிழைத்திருத்தம் 18 மாதம், பாதுகாப்புத் திருத்தம் இரண்டு வருடம். அப்கிரேட் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். உங்கள் ஊரில், நீங்கள் தரக்கூடிய சம்பளத்துக்கு, அது தெரிந்தவர்கள் கிடைப்பார்களா என்று விசாரியுங்கள். பணமும் சரக்கும் எண்ணுகிற எதற்கும் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்தான், மறுபேச்சு வேண்டாம்.

முழு வேலையைத் தொடங்கும் முன் மிகக் கடினமான திரை ஒன்றை மட்டும் கட்டச் சொல்லி, அதை நிஜ சர்வரில் ஏற்றிப் பாருங்கள். தமிழில் பில் வேண்டுமென்றால் அந்தச் சோதனையில் பிடிஎஃப் கட்டாயம் இருக்கட்டும். எழுத்துகளை வரிசையாக வைக்க மட்டுமே தெரிந்த பிடிஎஃப் லைப்ரரிகளில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' சிதைந்து வரும், கடைசி வாரத்தில் அதைக் கண்டுபிடித்து அணியே தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குரோம் பிரவுசரை வைத்தோ வீஸிபிரிண்ட் என்ற கருவியை வைத்தோ எடுத்தால் சரியாக வரும்.

இளம் டெவலப்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதைக் கற்றுக்கொள்ளுங்கள், கற்காமல் இந்தத் தொழிலில் இருக்கவே முடியாது. அதை உங்கள் சொந்த ப்ராஜெக்டில் கற்றுக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்வதற்காக இன்னொருவருடைய கடைக் கணக்கை அதில் ஏற்றாதீர்கள். நீங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள், அந்தக் கடைக்காரர் அங்கேயே இருப்பார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட முதலாளிகளுக்கு: உடனே எல்லாவற்றையும் திருப்பி எழுத யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். டொமைன், சர்வர் கணக்கு, கோடு இருக்கும் கிட் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் கட்டிக் கொடுத்தவர்களோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். டேட்டாபேஸை பேக்கப் எடுத்து வேறொரு மெஷினில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்று அதில் திறக்கிறதா என்று பாருங்கள். அது திறந்த பிறகு அப்டேட்டைப் பற்றிப் பேசலாம்.