டெலிபோன் கம்பியில் ஒரு ஒண்டுக்குடித்தனம்

"ஸ்மார்ட் மீட்டர் என்று இப்போதுதான் இங்கே பேச்சு அடிபடுகிறது. அமெரிக்காவில் செல்போன் வருவதற்கு முன்பே மீட்டர்கள் டெலிபோன் லைன் வழியாக ரீடிங் அனுப்பினவாமே? அந்த நேரத்தில் வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அனுப்பியது உண்மைதான். அவருடைய இரண்டாவது கேள்விதான் விஷயமே.

முதலில் தேவை என்ன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பழைய வீடுகளின் எரிவாயு மீட்டர் பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். ரீடிங் எடுப்பவர் பகலில் வருவார். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், நாய் மட்டும் இருக்கும். அப்புறம் என்ன, உத்தேசமாக ஒரு தொகை போட்டு பில் வரும், சண்டை வரும். கிரேக்கத்தில் பிறந்த தியோடர் பாரஸ்கெவாகோஸ் என்ற பொறியாளர், அழைப்பவரின் எண்ணைப் போனிலேயே காட்டும் கருவிக்கு முன்னோடியான வேலையைச் செய்தவர். எண்ணை அனுப்ப முடிகிறது என்றால் மீட்டர் ரீடிங்கையும் அனுப்பலாமே என்று போனார். 1974-ல் அவருக்கு உணரிக் கண்காணிப்புக் கருவிக்கான காப்புரிமை கிடைத்தது. 1977-ல் ஃப்ளோரிடாவின் மெல்போர்ன் நகரில் மெட்ரெடெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இணையம் வீடுகளுக்கு வராத காலம். ரீடிங்குகளை வாங்கித் தொகுக்க ஐபிஎம் சீரிஸ்-1 என்ற மினி கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள்.

மீட்டரை எண்ண வைப்பது சுலபம். சுழலும் பாகத்தில் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் ரீட் சுவிட்ச். தீக்குச்சி அளவுக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நுனிகள் தொட்டும் தொடாமலும் இருக்கும். காந்தம் கடக்கும்போது 'டிக்' என்று ஒட்டிக்கொள்ளும், போனதும் விலகிவிடும். எத்தனை டிக், அத்தனை சுற்று. எண்ணி வைத்துக்கொள்ள ஒரு சில்லு, அதற்கு ஒரு பேட்டரி.

எண்ணைக் கம்பியில் அனுப்புவதும் பள்ளிக்கூடப் பாடம்தான். டெலிபோன் லைன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். அதனால் 0, 1 இரண்டையும் இரண்டு விசில்களாக மாற்ற வேண்டும். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற பெல் 103 முறையில், அழைக்கும் பக்கம் 0-க்கு 1,070 ஹெர்ட்ஸ், 1-க்கு 1,270 ஹெர்ட்ஸ். பதில் சொல்லும் பக்கத்துக்கு 2,025, 2,225. விநாடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து. இன்றைக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் மீட்டர் சொல்ல வேண்டியது தன் அடையாள எண், நேரம், ரீடிங், அவ்வளவுதானே? இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். லைன் வீட்டுக்காரருடையது, வாடகை கட்டுவது அவர். மீட்டர் அதில் ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது. தான் பேசும்போது அவர் ரிசீவரை எடுத்தால் உடனே ஒதுங்க வேண்டும். ஆனால் லைன் காலியா இல்லையா என்று, கம்பியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் மீட்டருக்கு எப்படித் தெரியும்?

வோல்டேஜ்தான் சொல்கிறது. பழைய செப்புக் கம்பி லைனில், ரிசீவர் வைத்திருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் வந்து நிற்கும். வீட்டில் கரன்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்ததே, அதற்கும் இதுதான் காரணம். ரிசீவரை எடுத்தவுடன் கம்பியில் மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. எக்ஸ்சேஞ்சிலுள்ள சுருள்களும் நீண்ட கம்பியும் வோல்டேஜின் பெரும்பகுதியை வழியிலேயே சாப்பிட்டுவிடும். என் வீட்டு லைனில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். வைத்திருந்தபோது 49, எடுத்தபோது 8. ஒரு தடவை அளந்துகொண்டிருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது. மணி அடிப்பதற்கு வருவது அதைவிட அதிக வோல்ட் மாறுமின்சாரம். கம்பியை விரலால் பிடித்திருந்த எனக்கு அன்றைக்குப் பாடம் கிடைத்தது.

மீட்டர் செய்வதும் இதே அளவீடுதான். பேசும் முன் பார்க்கும்: 48-க்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் இல்லை. 10-க்குக் கீழே என்றால் யாரோ பேசுகிறார்கள், அப்புறம் வரலாம். அந்த 'அப்புறம்' கூட ஒவ்வொரு மீட்டருக்கும் வேறுவேறாக இருக்கும்படி வைத்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்காது.

இதைவிட அழகான இடம் ஒன்று இருக்கிறது. மீட்டரே பேசிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் ஏற்கெனவே கீழேதான் இருக்கும். அப்போது வீட்டுக்காரர் ரிசீவரை எடுத்தால்? மாடியில் குழாயைத் திறந்தால் கீழ்வீட்டில் தண்ணீர் மெலியுமே, அதேதான். ஒரே லைனில் இரண்டாவது கருவி சேர்ந்ததும் 8 வோல்ட் 5-க்கு இறங்குகிறது, மீட்டருக்குள் பாயும் மின்னோட்டமும் குறைகிறது. அந்தச் சின்னச் சரிவைப் பார்த்தவுடன் மீட்டர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு லைனை விட்டுவிடும். ரிசீவரைக் காதில் வைத்தவருக்கு ஒரு கணம் 'கீ' என்று கேட்டிருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மீட்டர் விலகினாலும் ரிசீவர் எடுத்தபடியே இருப்பதால், அழைப்பு இன்னும் நடக்கிறது என்றுதான் எக்ஸ்சேஞ்ச் நினைக்கும். டயல் டோன் உடனே வராது, ஒரு தடவை வைத்து எடுக்க வேண்டும். தீயணைப்பு வண்டியைக் கூப்பிட ஓடி வந்தவருக்கு அந்த இரண்டு விநாடியும் பெரிதுதான். அதனால்தான் அழைப்பை மிகச் சுருக்கமாக, நள்ளிரவு தாண்டி வைத்துக்கொள்வது நல்லது. திருட்டு அலாரத்தின் சுபாவம் இதற்கு நேர் எதிர். அதைத் தெருவிலிருந்து லைன் நுழையும் இடத்திலேயே, வீட்டுப் போன்களுக்கு முன்னால் மாட்டுவார்கள். அலாரம் அடித்தால் வீட்டுப் போன்களையெல்லாம் வெட்டிவிட்டுத் தான் மட்டும் பேசும். திருடன் ஹாலில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்து லைனை அடைத்துவிடக் கூடாதே!

மீட்டர் எப்போது கூப்பிட வேண்டும் என்பதை மறுமுனைக் கம்ப்யூட்டரே சொல்லி அனுப்பும்: "அடுத்த மாதம் இந்தத் தேதி, இரவு 2:10. இப்போது மணி இவ்வளவு, உன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்." சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால் மாதத்துக்கு 50 விநாடி பிசகும். மாதம் ஒருமுறை பேசும்போது திருத்திக்கொண்டால் போதும்.

இந்த முறை நம் ஊர் வீடுகளுக்கு வராததில் ஆச்சரியம் இல்லை. 1991-ல் இந்தியா முழுக்க ஏறத்தாழ 50 லட்சம் இணைப்புகள்தான் இருந்தன. எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. போனே இல்லாத வீட்டில் மீட்டர் யார் லைனில் ஒண்டும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ராக்கெட் ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் நாம் பெருமையாகத் தலையாட்டுகிறோம், அதில் தப்பில்லை. எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள மூன்று வோல்ட்டைக் கவனிக்கும் ஆளுக்கு யாரும் சால்வை போர்த்துவதில்லை. மீட்டர் பெட்டிக்கு ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் மட்டும் தவறாமல் கிடைக்கிறது. எண் தெரியும் இடத்தை விட்டுவிட்டு வைத்தால் ரீடிங் எடுக்க வருபவர் வாழ்த்துவார்.

அங்கேயும் இந்த ஒண்டுக்குடித்தனத்துக்கு இப்போது இடம் குறைந்துவிட்டது. ரேடியோ மீட்டர்கள் வந்தன, மக்கள் லேண்ட்லைனை விட்டுவிட்டார்கள், கண்ணாடி இழை வந்தது. போன வருடம் எங்கள் வீட்டிலும் செப்புக் கம்பியை எடுத்துவிட்டு இழை போட்டார்கள். சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியின் போன் துளையில் மல்டிமீட்டரை வைத்தேன். 48 காட்டியது, பெட்டியே அந்த வோல்டேஜை உண்டாக்குகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி பார்த்தேன். எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.