மனுவில் எந்த வார்த்தை போடுகிறோம்?

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். தேசிய நெடுஞ்சாலைக்காக அவருடைய தென்னந்தோப்பில் கல் நட்டுவிட்டார்கள். கையில் ஓரம் நைந்துபோன மனு நகல். பேரன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததாம். மேலே 'ரிக்வெஸ்ட்', கையெழுத்துக்குக் கீழே 'ப்ரொட்டஸ்டர்'. 21 நாள் கெடுவுக்குள் கொடுத்தும் விசாரணைக்கு அழைப்பு வரவில்லை. கேட்டால், "இது கோரிக்கை மனுதானே ஐயா" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

தமிழில் எல்லாரையும் 'எதிர்ப்பாளர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. தெருவில் கொடி பிடிப்பவர் ப்ரொட்டஸ்டர். அறிவிப்பு வந்த பிறகு, காரணங்களைக் காட்டி எழுத்தில் மறுப்பவர் அப்ஜெக்டர், அதாவது ஆட்சேபணைதாரர். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இன் 3சி பிரிவு நேரில் விசாரிக்கப்படும் உரிமையைத் தருவது இவருக்குத்தான். வக்கீல் வைத்தும் பேசலாம். அந்த 21 நாள் அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓடும். பலர் தகவல் காதுக்கு வந்த நாளிலிருந்து எண்ணி ஏமாந்துபோகிறார்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 60 நாள். அதனால் எந்தச் சட்டத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தலைப்பு தப்பாகப் போனால் மனுவே செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அதை நிரூபிக்கவே ஒரு வழக்கு நடத்த வேண்டிவரும். 'அப்ஜெக்‌ஷன்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

அப்புறம் கோர்ட். அரசு நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் நீங்கள் பெட்டிஷனர், அதாவது மனுதாரர். தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் அப்பெல்லண்ட், அதாவது மேல்முறையீட்டாளர். நீங்கள் ஜெயித்து அரசு மேலே போனால் உங்கள் பெயருக்கு நேரே 'ரெஸ்பாண்டன்ட்' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு, "என் மேல கேஸ் போட்டுட்டாங்களா சார்?" என்று பதறி ஓடிவந்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், அது பதில் சொல்ல வேண்டிய தரப்பு, அவ்வளவுதான்.

'ப்ரொட்டஸ்ட்' என்ற சொல் கட்டாயம் வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. 2013 சட்டப்படி இழப்பீடு வாங்கும்போது தொகை போதாது என்று நினைத்தால், ரசீதில் 'அண்டர் ப்ரொட்டஸ்ட்' என்றோ 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கியவர் கூடுதல் தொகை கேட்டு 64-ஆம் பிரிவில் விண்ணப்பிக்க முடியாது என்கிறது 77-ஆம் பிரிவு.

பெரியவருக்கு, பழைய மனுவின் தேதியைக் காட்டி, அதை ஆட்சேபணையாகவே எடுத்து விசாரிக்கும்படி புதுக் கடிதம் எழுதினோம். பத்து நாளில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. இந்த முறை ஒப்புகைச் சீட்டையும் கையோடு வாங்கிவந்தார்.