கூத்து மேடையில் ஆணிப் பலகை: அடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

ஜெர்மன் கலைஞர் குந்தர் யூக்கரின் அடையாளமே ஆணிதான். பலகையில் நெருக்கமாக அடித்துச் சாய்த்து, விழும் நிழலிலேயே அலையும் சுழலும் காட்டியவர். 1979-ல் ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவில், இசையமைப்பாளர் வாக்னரின் 'லோஹென்கிரின்' ஆப்பராவுக்கு (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) மேடை அமைத்ததும் அவரே. தர்மபுரிப் பக்கத்துப் பாரதக் கூத்துக்கோ கிருஷ்ணகிரியில் பள்ளி ஆண்டு விழாவுக்கோ இந்த உத்தியை எடுத்தாள நினைப்பவர்கள் முதலில் எடையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு அங்குலம், 10 கேஜ் தடிமனுள்ள கம்பி ஆணி கிலோவுக்குச் சுமார் 300 நிற்கும். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் ஓர் அங்குல இடைவெளி விட்டால் 4,600 ஆணி, 15 கிலோ. இடைவெளியை அரை அங்குலமாக்கினால் ஆணி நான்கு மடங்காகும், 60 கிலோ. 18 மி.மீ. பலகையின் எடையும் சேர்ந்தால் தொண்ணூறைத் தாண்டும். அதைச் சவுக்குக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டுவது ஆபத்து. நாலடிக்கு இரண்டடி துண்டுகளாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் முட்டுக்கால் கொடுங்கள்.

ஆணியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 17 மி.மீ., உள்ளே போனால் போதும். 12 மி.மீ. பலகையில் அதே ஆழம் அடித்தால் முனை பின்பக்கம் நீட்டும். திரைக்குப் பின்னால் இருட்டில் ஓடுபவர் தோளைக் கிழிக்கும். விளிம்பில் ஓர் அங்குலம் விடாவிட்டால் பிளை பிரியும்.

உண்மையான சிக்கல் வண்டியில்தான். தொப்பூர் இறக்கத்துக் குலுக்கலில் ஆணிகள் தளரும். ஆட்டம் தொடங்கியதும் அதிர்வில் உதிரும். நம் கூத்தாடி ஆடுவதோ சலங்கை கட்டிய வெறுங்காலில். அதனால் ஆணிப் பலகை ஆடுகளத்திலிருந்து நான்கு அடியாவது தள்ளி நிற்கட்டும். உதிரும் ஆணி விழ, அடியில் மூன்று அங்குல விளிம்புள்ள ரீப்பர் (மரச்சட்டம்) தட்டு வையுங்கள். பலகையை நிறுத்தியபின் ஒரு தடவை, வேஷம் கட்டுமுன் ஒரு தடவை, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுங்கள். பித்தளை, அலுமினிய ஆணி காந்தத்தில் ஒட்டாது, வாங்க வேண்டாம். குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி மருத்துவமனைக்குப் போங்கள். துரு இல்லாத ஆணிதானே என்று விடக் கூடாது. டெட்டனஸ் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும்.

இருபது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரும்பு தெரியாது, நிழல்தான் தெரியும். ஆகவே எட்டடிக்கு மேல் வரும் பகுதிக்கு வெள்ளி வண்ணம் பூசிய மூங்கில் குச்சியே போதும். எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டில், பலகையை உரசுகிற மாதிரி தாழ்ந்த கோணத்தில் வையுங்கள். எதிரே வைத்தால் ஆணி அடித்த கூலி வீண்.